ரைன், மோசல் கரைக் கோட்டைகளும் ஒயின் ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்குப் படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மா, பாரிஸுக்கும் சுவிஸுக்கும் நடுவே மூன்று நாள் கையில் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் ரைன், மோசல் ஆற்றங்கரைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டு, பதிலோடு தொகுத்திருக்கிறோம். நுழைவுக் கட்டணமும் கப்பல் நேரமும் ஆண்டுதோறும் மாறும். அவற்றை அந்தந்த இடத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒயின் ஊருங்க எல்லாம் எந்தப் பக்கம் இருக்கு? போட்டோவுல வர்ற வெள்ளைக் கோட்டை அங்கதானே?

அந்த வெள்ளைக் கோட்டை நியூஷ்வான்ஷ்டைன். தெற்கே பவேரியாவில், ஆஸ்திரிய எல்லை ஓரம் இருக்கிறது. 1869இல் கட்டத் தொடங்கியது, இடைக்காலக் கோட்டையே அல்ல. ரைன் கரையிலிருந்து அங்கே போக ஒரு பகல் போய்விடும். இரண்டையும் ஒரே வார இறுதியில் சேர்க்க நினைக்காதீர்கள்.

இங்கே சொல்லப்போவது இரண்டு பள்ளத்தாக்குகள். ஒன்று, பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரையான ரைன். 65 கி.மீ. நீளம், சுமார் 40 கோட்டைகள், 2002 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இன்னொன்று, டிரியரிலிருந்து பெரிய பெரிய வளைவுகளாகச் சுற்றிக்கொண்டு வரும் மோசல். இரண்டும் கோப்லென்ஸில், டாய்ச்செஸ் எக் என்ற முனையில் கலக்கின்றன.

இவ்ளோ சின்ன இடத்துல எதுக்கு இத்தனை கோட்டை?

சுங்கம். சாலைகள் சரியில்லாத காலத்தில் சரக்கெல்லாம் ஆற்றில்தான் போயிற்று. மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள், ரைன் பாலட்டின் சிற்றரசர்கள், காட்சனெல்ன்போகன் பிரபுக்கள் என்று ஆளுக்கொரு துண்டு கரையை வைத்துக்கொண்டு, தன் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு படகிடமும் வசூலித்தார்கள். அந்த உரிமையைக் காக்கவும் பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டவும் கோட்டைகள் எழுந்தன. ரைனில் இந்த வரிகள் முழுக்க ஒழிந்தது 1868 மான்ஹைம் ஒப்பந்தத்தோடுதான்.

பார்க்கிறதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது. எது நிஜமாவே பழசு, எது பின்னாடி கட்டினது?

இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி ஏமாற்றம் குறையும். மூன்று வகை உண்டு: ஒருபோதும் இடியாதவை, இடிந்து அப்படியே நிற்பவை, இடிந்தபின் 19ஆம் நூற்றாண்டில் திரும்ப எழுப்பியவை. பிரித்துப் பார்க்க ஒரே ஒரு ஆண்டு போதும்: 1689. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் இந்தப் பகுதியை விட்டுப் போகும்போது கோட்டைகளை வெடிவைத்துத் தகர்த்த ஆண்டு அது. கோகெம், பைல்ஷ்டைன், பாகராக், ஷ்டோல்ட்ஸன்ஃபெல்ஸ் எல்லாம் அப்போது போனவை. சாங்க்ட் கோவாரின் ரைன்ஃபெல்ஸ் மட்டும் 1692 முற்றுகையையும் தாக்குப்பிடித்து நின்றது. அதையும் 1796-97இல் புரட்சிக்காலப் பிரெஞ்சுப் படை தகர்த்தது.

1815க்குப் பிறகு இந்தக் கரை பிரஷ்யாவின் கைக்கு வந்தது. இடைக்காலத்தின் மேல் எல்லோருக்கும் மோகம் பிறந்த காலம் அது. அரச குடும்பத்தினரும் பணக்காரர்களும் இடிபாடுகளை வாங்கித் தங்கள் கற்பனைக்கு ஏற்றபடி கட்டிக்கொண்டார்கள். ஷ்டோல்ட்ஸன்ஃபெல்ஸ் பிரஷ்ய இளவரசருக்காக எழுந்து 1842இல் முடிந்தது. கோகெம் கோட்டையின் இடிபாட்டை 1868இல் வாங்கியவர் லூயி ரவெனே என்ற பெர்லின் தொழிலதிபர். ஆகவே கோகெமில் நீங்கள் பார்க்கும் மண்டபமும் மர வேலைப்பாடும் 19ஆம் நூற்றாண்டுச் செல்வந்தர் வீட்டின் அலங்காரம். அழகுதான்; ஆனால் போர்வீரர்கள் வாழ்ந்த அறை என்று நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

இடியாதவற்றில் முக்கியமானவை இரண்டு: மோசல் பக்கம் எல்ட்ஸ், ரைன் பக்கம் மார்க்ஸ்பூர்க். எங்கள் யோசனை, வகைக்கு ஒன்றாக மூன்று கோட்டைகள் போதும். நான்காவதில் எல்லோருக்கும் கால் வலிதான் மிஞ்சுகிறது.

எல்ட்ஸ், மார்க்ஸ்பூர்க் ரெண்டுல ஒண்ணுதான் நேரம் இருக்குன்னா எது?

தோற்றத்துக்கு எல்ட்ஸ், கோட்டை எப்படி வேலை செய்தது என்று புரிய மார்க்ஸ்பூர்க்.

எல்ட்ஸ் ஒரு கூட்டுக்குடும்பக் கோட்டை. ஒரே வம்சத்தின் மூன்று கிளைகள் ஒரே பாறை மேல், ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடுகள் கட்டி வாழ்ந்தன. இடம் பக்கவாட்டில் இல்லாததால் மேலே மேலே கட்டினார்கள். அந்தக் கோபுரக் கூட்டம் அப்படி வந்ததுதான். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இன்னும் அதே குடும்பத்தின் சொத்து. 1689இல் தப்பியதற்குக் காரணமும் குடும்பம்தான்: எல்ட்ஸ் குடும்பத்தார் ஒருவர் பிரெஞ்சுப் படையில் அதிகாரியாக இருந்தார். பழைய 500 மார்க் நோட்டில் இருந்த கோட்டையும் இதுவே. உள்ளே போட்டோ எடுக்கத் தடை. நவம்பர் தொடக்கத்தில் மூடினால் ஏப்ரலில்தான் திறப்பார்கள்.

மார்க்ஸ்பூர்க் பிரௌபாக் ஊருக்கு மேலே இருக்கிறது. பாறையில் வெட்டிய குதிரைப் படி, பெரிய அடுப்புள்ள சமையலறை, மூலிகைத் தோட்டம், பீரங்கி மேடை என்று எதையும் மிகைப்படுத்தாமல் காட்டுகிறார்கள். ஜெர்மன் கோட்டைகள் சங்கம் 1900இல் இதை வாங்கி இங்கேயே அலுவலகம் வைத்திருக்கிறது. குளிர்காலத்திலும் திறந்திருக்கும் என்பது கூடுதல் வசதி. இரண்டு இடத்திலும் வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். ஆங்கிலச் சுற்று குறைவு, அதன் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு ரயிலைத் தீர்மானியுங்கள்.

கார் இல்லாம எல்ட்ஸுக்குப் போக முடியுமா?

முடியும். மோசல்கெர்ன் ஸ்டேஷனில் இறங்கி நடப்பதுதான் சிறந்த வழி. ஊரைக் கடந்து எல்ட்ஸ்பாக் ஓடையை ஒட்டிய சாலையில் ரிங்கல்ஷ்டைனர் ஆலை வரை, பிறகு காட்டுப் பாதை, கடைசியில் படிகள். மொத்தம் சுமார் 5 கி.மீ., நிதானமாக ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். மரங்களுக்கு நடுவே திடீரென்று கோட்டை முழுசாகத் தெரியும் இடம் கார்க்காரர்களுக்குக் கிடைக்காது.

பலர் தவறுவது ரயிலில். கோப்லென்ஸ்–டிரியர் விரைவு ரயிலான ஆர்இ 1 மோசல்கெர்னில் நிற்காது. எல்லா ஊரிலும் நிற்கும் ஆர்பி 81 பிடிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் பாதை வழுக்கும், சாதாரணச் செருப்பு உதவாது. நடக்க முடியாதவர்களுக்குச் சுற்றுலாப் பருவத்தில் மோசல் கரை ஸ்டேஷன்களிலிருந்து பஸ் உண்டு, ஆனால் நாளைக்குச் சில முறைதான். காரில் போனாலும் கோட்டை வாசல் வரை விடமாட்டார்கள். பார்க்கிங்கிலிருந்து கால் மணி இறக்கம், அல்லது சிறு கட்டணத்துக்கு ஷட்டில் வண்டி. இறங்கியதை ஏறியும் ஆக வேண்டும்.

ரைனா மோசலா? மூணு நாள்தான் இருக்கு.

கோட்டைகளை அடுத்தடுத்துப் பார்க்க ரைன். ஊரும் ஒயினும் அமைதியும் வேண்டுமென்றால் மோசல். மூன்று நாளில் ரைனில் ஒரு இரவு, மோசலில் ஒரு இரவு வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் பாகராக், கப்பல், ரைன்ஃபெல்ஸ். இரண்டாம் நாள் கோப்லென்ஸ் வழியாக எல்ட்ஸ் பார்த்துவிட்டு இரவு கோகெம். மூன்றாம் நாள் காலை கோகெம் கோட்டை, மதியம் பைல்ஷ்டைன்.

டிரியரையும் இதிலேயே திணிக்கப் பார்க்காதீர்கள். போர்ட்டா நீக்ரா என்ற ரோமானிய வாசல், குளியல் மண்டபங்கள், அரங்கம், கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடு என்று அதற்கே ஒரு முழு நாள் வேண்டும். நொய்மாகனில் கிடைத்த, ஒயின் பீப்பாய்களோடு துடுப்புப் போடும் ரோமானியக் கப்பல் சிற்பமும் அங்குள்ள அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. இந்தக் கரையில் ஒயின் வியாபாரம் எவ்வளவு பழசு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எந்த ஊர்ல ரூம் போடலாம்?

ரைனில் பாகராக், ஓபர்வேசெல், சாங்க்ட் கோவார், பொப்பார்ட் நான்கும் இடது கரை ரயில் பாதையில் உள்ளவை, வசதியானவை. ரூடஸ்ஹைமின் ட்ரோஸல்காஸ சந்து பகலில் சுற்றுலாக் கூட்டம், இரவில் பாட்டுச் சத்தம். கோப்லென்ஸ் பெரிய ஊர். இரண்டு ஆற்றுக்கும் ரயில் எளிது, ஆனால் ஒயின் ஊரின் முகம் அதற்குக் கிடையாது. மோசலில் ரயில் வேண்டுமென்றால் கோகெம்.

அறை எடுக்கும்போது யாரும் சொல்லாத விஷயம்: ரைனின் இரண்டு கரையிலும் ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. பள்ளத்தாக்கு குறுகல் என்பதால் சத்தம் எதிர்ப் பாறையில் மோதித் திரும்பும். ‘ரைன் பார்த்த அறை’ என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் அறை பல சமயம் ‘ரயில் பார்த்த அறை’தான். மெல்லிய தூக்கக்காரர்கள் பின்பக்க அறையோ மலைமேல் விடுதியோ கேளுங்கள். பாகராக்கின் ஷ்டாலெக் கோட்டையே இளைஞர் விடுதியாக இருக்கிறது. குடும்பமாகவும் தங்கலாம், மாதக்கணக்கில் முன்பதிவு செய்தால்தான் கிடைக்கும். பெட்டியோடு அந்தப் படிகளை ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ட்ரெயின் டிக்கெட் எது வாங்கினா லாபம்?

ஒருநாள் கூட்டமாகச் சுற்ற ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ் (இந்த ஊர்களில் பெரும்பாலானவை இருக்கும் மாநிலம்) டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே சீட்டு. ஆள் கூடக் கூடத் தலைக்குச் செலவு குறையும். வாரநாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. ஃபிராங்க்ஃபர்ட் நகரமும் விமான நிலையமும் அதன் எல்லைக்கு வெளியே. மைன்ஸ் வரை தனிச்சீட்டு எடுக்க வேண்டும்.

ஜெர்மனியில் வசிப்பவர் கையில், நாடு முழுக்க உள்ளூர் ரயில் பஸ்களில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. அது சந்தா, ஊரிலிருந்து வந்த பெற்றோருக்காக எடுத்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். இந்த இரண்டில் எந்தச் சீட்டானாலும் ஐசி, ஐசிஇ என்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. அவையும் அதே பாதையில், அதே பிளாட்பாரத்தில் வருவதால் அவசரத்தில் ஏறி அபராதம் கட்டியவர்கள் உண்டு.

மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். கோப்லென்ஸிலிருந்து கோகெம் போகும்போது இடது பக்கம். கோகெமைத் தாண்டியதும் நான்கு கி.மீ. நீள கைசர் வில்ஹெல்ம் சுரங்கம். புல்லை என்ற ஊருக்குப் பிறகு ரயில் ஆற்றை விட்டே விலகிவிடும். ரைனின் வலது கரைப் பாதையை 2026 கோடை நடுவிலிருந்து டிசம்பர் வரை மூடிப் புதுப்பிக்கத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் மார்க்ஸ்பூர்க், கௌப் போகிறவர்கள் மாற்று பஸ்ஸைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பல்ல முழுசா போறது நல்லதா?

வேண்டாம். பிங்கன்–கோப்லென்ஸ் முழுத் தூரமும் கப்பலில் போனால் கடைசி இரண்டு மணி நேரம் சாப்பாட்டு மேசையில்தான் கழியும். கோட்டைகள் நெருக்கமாக நிற்பது பிங்கனுக்கும் சாங்க்ட் கோவாருக்கும் இடையில். அந்தத் துண்டு மட்டும் கப்பல், மற்றது ரயில்.

திசை முக்கியம். ரைன் இங்கே வேகமாக ஓடுகிறது. பிங்கனிலிருந்து சாங்க்ட் கோவாருக்கு ஆற்றோடு போனால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எதிர்த்து வந்தால் இரண்டரை மணிக்குப் பக்கம் ஆகும். ஆகவே போகும்போது கப்பல், திரும்ப ரயில். கரையில் பெரிய வெள்ளைப் பலகைகளில் எண்கள் தெரியும். கான்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து எண்ணும் கிலோமீட்டர் அவை. ஆற்று நடுவிலுள்ள கௌப் கோட்டை 546, லோரலை பாறை 554. எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறிவிப்பு புரியாவிட்டாலும் எதையும் தவறவிட மாட்டீர்கள். கப்பல்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான்.

கூகுள் மேப்ல எதிர்க்கரை 500 மீட்டர்னு காட்டுது, ஆனா 80 கிலோமீட்டர் சுத்தச் சொல்லுதே?

மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ரைனில் பாலமே இல்லை. ஃபெரிதான். பிங்கன்–ரூடஸ்ஹைம், நீடர்ஹைம்பாக்–லோர்க், கௌப், சாங்க்ட் கோவார்–சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், பொப்பார்ட்–ஃபில்சன் ஆகிய இடங்களில் காரோடு ஏறலாம். சில நிமிடப் பயணம். மேப்பில் ‘ஃபெரி தவிர்க்க’ என்ற அமைப்பு போட்டிருந்தால் நீங்கள் சொன்ன கூத்து நடக்கும். மாலையில் கடைசி ஃபெரி எத்தனை மணி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மோசலில் இந்தத் தொல்லை இல்லை, பாலங்கள் நிறைய.

ஆத்து நடுவுல இருக்கிற கோட்டைக்குள்ள போகலாமா?

போகலாம். கௌப் ஊருக்கு எதிரே உள்ள ஃபால்ட்ஸ்கிராஃபென்ஷ்டைன் அது. 1327 வாக்கில் மன்னர் லுட்விக் சுங்கம் பிரிக்கக் கட்டியது. மேலே சொன்ன சுங்கக் கதையைக் கண்ணால் காண இதுவே சரியான இடம். ஆறு வரும் திசையில் சுவர் கப்பல் முனை போலக் கூராக இருக்கும். வெள்ளமும் பனிக்கட்டியும் மோதிப் பிளந்து போவதற்காக. உள்ளே குடும்பம் நடத்தியதன் அடையாளம் இருக்காது, காவலர்களுக்கான வெற்று அறைகள்தான். 1813 கடைசி இரவில் பிரஷ்யத் தளபதி ப்ளூஷரின் படை நெப்போலியனைத் துரத்திக்கொண்டு ஆற்றைக் கடந்ததும் இங்கேதான்.

கௌப் கரையிலிருந்து சிறு படகு கொண்டுபோய் விடும்; கார் ஃபெரி வேறு, இது வேறு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறை வேலையைக் கௌபிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளக் காலத்தில் மூடிவிடுவார்கள்.

லோரலை லோரலைன்னு எல்லாரும் சொல்றாங்க, அங்க அப்படி என்ன இருக்கு?

132 மீட்டர் உயரப் பாறை, ஆறு குறுகி வளையும் ஆபத்தான திருப்பம். மேலே உட்கார்ந்து தலைவாரும் பெண்ணின் பாட்டில் மயங்கிப் படகோட்டிகள் மோதிச் செத்தார்கள் என்ற கதையை 1824இல் ஹைன்ரிக் ஹைன எழுதிய கவிதை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. கப்பலிலிருந்து பார்த்தால் போதும். மேலே ஏறினால் ஆற்றின் வளைவு நன்றாகத் தெரியும். ஆனால் பாறை மேல் நிற்கும்போது பாறை தெரியாது. அதே கரையில் உள்ள காட்ஸ், மௌஸ் கோட்டைகள் தனியார் வசம், வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

இடிஞ்ச கோட்டைக்கு ஏன் டிக்கெட் வாங்கணும்?

ரைன்ஃபெல்ஸுக்குப் போனவர்கள் இதைக் கேட்பதில்லை. 1245இல் தொடங்கிய கோட்டை. பிறகு பீரங்கிக் காலத்துக்கு ஏற்ப விரிந்து விரிந்து ஒரு ஊர் அளவு ஆயிற்று. வழிகாட்டி இல்லாமல் நீங்களே ஏறி இறங்கலாம், பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது. இருட்டுப் பாதைகள் உண்டு. கைப்பேசி வெளிச்சம் போதாது, ஒரு டார்ச் கொண்டுபோங்கள். எந்தெந்தப் பகுதி திறந்திருக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். ஸ்டேஷனிலிருந்து செங்குத்தாக 20, 25 நிமிடம்.

கோட்டையை விடுங்க, அந்தச் சின்ன ஊர்கள்ல பார்க்க என்ன இருக்கு? பழைய வீடும் கடையும்தானே?

வேகமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வீட்டுச் சுவர்களில் கோடு போட்டு ஆண்டு எழுதியிருப்பதைக் கவனியுங்கள், அது வெள்ளம் ஏறிய உயரம். 1784, 1993 இரண்டும் அடிக்கடி வரும். உங்கள் தலைக்கு மேலே கோடு இருக்கும் தெருவில் மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தைக் கல்லாலும் மேல்தளங்களை மரச்சட்டத்தாலும் கட்டியதன் நியாயம் அங்கே விளங்கும்.

ஓபர்வேசெலில் ஊர் மதில் மேலேயே நடக்கலாம். பதினாறு கோபுரங்கள் மிச்சமிருக்கின்றன. பாகராக்கில் கோட்டைக்குப் போகும் வழியில் கூரையில்லாத கோதிக் தேவாலயம் ஒன்று நிற்கும், வெர்னர் சிற்றாலயம். 1689இல் மேலே கோட்டையை வெடிவைத்தபோது சரிந்த பாறை இதை உடைத்தது. அதன் தொடக்கம் அழகானது அல்ல: 1287இல் வெர்னர் என்ற சிறுவனை யூதர்கள் கொன்றதாகப் பொய்ப் பழி சுமத்தி, இந்தக் கரை ஊர்களில் யூதர்களைக் கொன்று குவித்தார்கள்; அந்தச் சிறுவனைப் புனிதனாக்கி எழுப்பிய கோயில் இது. போட்டோ எடுக்குமுன் அங்குள்ள பலகையைப் படியுங்கள்.

மோசலில் பைல்ஷ்டைன் கைக்குள் அடங்கும் ஊர். ரயில் கிடையாது. கோகெமிலிருந்து பஸ், அல்லது ஒரு மணி நேரப் படகு. இடையில் ஃபாங்கல் தடுப்பணையில் படகை நீரோடு சேர்த்து மேலே தூக்குவதைப் பார்ப்பதற்காகவே படகில் போகலாம். பெர்ன்காஸ்டல்-கூஸில் 1416ஆம் ஆண்டு வீடு ஒன்று, கீழே குறுகி மேலே அகன்று நிற்கும். எல்லோரும் அதைப் படமெடுத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டாமல் திரும்பிவிடுகிறார்கள். எதிர்க்கரையில் தத்துவ அறிஞர் நிக்கோலாஸ் குசானுஸ் 15ஆம் நூற்றாண்டில் நிறுவிய முதியோர் இல்லம் இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. அவருடைய கையெழுத்துச் சுவடி நூலகமும் அங்கேயே.

திராட்சைத் தோட்டத்தை ஏன் இப்படி சுவர் மாதிரி சரிவுல போட்டிருக்காங்க?

ஒயின் திராட்சை விளைய இது கிட்டத்தட்ட வடக்கு எல்லை. வெயில் நேராக விழும் தெற்கு நோக்கிய சரிவு வேண்டும். மண்ணில் கிடக்கும் கறுப்புப் பலகைக்கல் பகலில் சூடேறி இரவில் அதை விட்டுக்கொடுக்கும். அதனால்தான் ஆற்றின் ஒரு கரை முழுக்கக் கொடியாகவும் எதிர்க்கரை காடாகவும் இருக்கிறது. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு 65 பாகை வரை போகிறது, டிராக்டர் ஏறாது. பல் வைத்த ஒற்றைத் தண்டவாளம் சரிவில் ஏறுவதைப் பார்ப்பீர்கள், ஆளையும் பழக்கூடையையும் அதில்தான் ஏற்றி இறக்குகிறார்கள். விலை ஏன் கூடுதல் என்பதற்கு அதுவே பதில். கால்மோன்டில் கம்பி பிடித்து நடக்கும் பாதை உண்டு. தலைசுற்றல் உள்ளவர்கள் மேலே காட்சிமுனைக்கு மட்டும் போகலாம்.

நாங்க ஒயினே குடிக்க மாட்டோம். போய் என்ன பண்றது?

எதுவும் குறையாது. திராட்சைச் சாறு எல்லா ஒயின் வீட்டிலும் கிடைக்கும். ‘ட்ராவுபென்ஸாஃப்ட்’ என்று கேளுங்கள். ரீஸ்லிங் திராட்சைச் சாற்றில் சோடா கலந்து தருவது கடை ஜூஸ் போல இருக்காது. மோசலில் சிவப்பு ‘வைன்பெர்க்’ பீச் ஜாமும் நன்றாக இருக்கும். ஒன்று கவனம்: செப்டம்பர், அக்டோபரில் சாலையோரம் விற்கும் கலங்கலான ‘ஃபெடர்வைஸர்’ சாறு அல்ல, பாதி புளித்த ஒயின். இனிப்பாக இருப்பதால் தெரியாது. அதன் மூடி காற்றுப் போக வசதியாகத் தளர்வாகத்தான் இருக்கும். பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் நாறும்.

பாட்டில்ல எழுதியிருக்கிறது ஒண்ணும் புரியல. இனிப்பா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பில்லாதது, ‘ஹால்ப்ட்ரோக்கன்’ அல்லது ‘ஃபைன்ஹெர்ப்’ என்றால் லேசான இனிப்பு, ‘லீப்லிக்’ என்றால் நல்ல இனிப்பு. எதுவும் எழுதவில்லை என்றால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8, 9 சதவீதம் என்றால் சர்க்கரை முழுக்கப் புளிக்கவில்லை, இனிக்கும். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிக்காது.

‘காபினெட்’, ‘ஷ்பேட்லேஸ’, ‘ஆவுஸ்லேஸ’ என்ற சொற்கள் பறித்தபோது பழத்தில் இருந்த சர்க்கரையைச் சொல்வன, கிளாஸில் இருப்பதை அல்ல. அதனால் ‘ஷ்பேட்லேஸ ட்ரோக்கன்’ என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். ‘ஐஸ்வைன்’ மைனஸ் 7 பாகை அல்லது அதற்கும் கீழான குளிரில் உறைந்த பழத்தைப் பறித்துப் பிழிந்தது. சின்னப் பாட்டில், பெரிய விலை.

ஒயின் வீட்டுக்குள்ள சும்மா போய் ருசி பார்க்கலாமா?

சிறிய தோட்டக்காரர்கள் குடும்பமாக நடத்துகிறார்கள். அறுவடைக் காலத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். முந்தின நாள் போன் செய்துவிட்டுப் போங்கள். வெள்ளையில் இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்புக்குப் போவது முறை. வாயில் வைத்துத் துப்புவதற்குக் கிண்ணம் இருக்கும், அதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவு அல்ல. ருசி பார்க்கக் கட்டணம் இல்லாவிட்டால் இரண்டு பாட்டிலாவது வாங்குவது வழக்கம்.

வாசலில் பூங்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் அது ‘ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்’: தோட்டக்காரர் தன் வீட்டிலேயே, தன் ஒயினை மட்டும், ஆண்டுக்கு நான்கு மாதத்துக்கு மிகாமல் விற்கும் கடை. அங்கே போன் தேவையில்லை, போய் உட்காரலாம். கார்டு எல்லா இடத்திலும் எடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு வண்டி ஓட்டலாம்ல?

சட்ட வரம்பு 0.5 ப்ரோமில (ரத்தத்தில் ஆயிரத்துக்கு இத்தனை பங்கு ஆல்கஹால் என்ற அளவு). ஆனால் 0.3 இருக்கும்போதே தடுமாற்றமோ விபத்தோ நடந்தால் குற்றம்தான். 21 வயதுக்குக் கீழோ, உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டிலோ இருப்பவர்களுக்குப் பூஜ்யம். சைக்கிளுக்கும் வரம்பு உண்டு, 1.6ஐத் தாண்டினால் வழக்கு. இங்கே ஒரு கிளாஸ் என்பது 0.2 லிட்டர், இரண்டு கிளாஸ் என்பது அரை பாட்டிலுக்கும் மேல். ரயில் இருக்கும் ஊரில் தங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். பன்றிக் கொழுப்புத் துண்டுகளை இங்கே பலர் கறி என்றே கணக்கில் எடுப்பதில்லை. வறுத்த உருளைக்கிழங்கு, சாலட், வெங்காயப் பை எல்லாவற்றிலும் வரும். ‘ஓன ஷ்பெக்’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். காய்கறி சூப்பிலும் கறிச்சாறு இருக்கலாம். காளான் அல்லது வெங்காயம் போட்ட ஃப்ளாம்கூகன் என்ற மெல்லிய ரொட்டி, கேஸ்ஷ்பெட்ஸ்ல என்ற சீஸ் நூடுல்ஸ், ஆப்பிள் கூழோடு வரும் உருளைக்கிழங்கு அடை மூன்றும் பெரும்பாலும் நம்பலாம். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பின் இரண்டும் ஆகாது.

சமையலறை மதியம் இரண்டு மணிக்கு மூடி மாலையில்தான் திறக்கும் ஊர்கள் இவை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை வேறு, பெரும்பாலும் திங்கள் செவ்வாய். ஞாயிறு சூப்பர் மார்க்கெட் கிடையாது. சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துவிடுங்கள்.

எப்போ போனா நல்லது?

மே, ஜூன் அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை. இலையுதிர்காலத்தில் கொடிகள் மஞ்சளாகும், அறுவடை நடக்கும், கூட்டமும் இருக்கும். காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி பத்து பதினொரு மணி வரை நிற்கும். காட்சிமுனைகளை மதியத்துக்கு வையுங்கள். அறுவடை சமயம் சில தோட்டப் பாதைகளை மூடுவார்கள், பழத்தில் கை வைக்கக் கூடாது. ‘ரைன் இன் ஃப்ளாமன்’ வாணவேடிக்கை நாட்களில் அறை கிடைக்காது.

நவம்பர் முதல் ஈஸ்டர் வரை பாதி ஊர் பூட்டியிருக்கும். டிசம்பரில் வருகிறவர்கள் டிராபன்-டிரார்பாக் போகலாம். பழைய ஒயின் நிலவறைகளுக்குள் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது.

வெள்ளம், வறட்சின்னு செய்தி வருது. புக் பண்ணின கப்பல் ஓடுமா?

ரைனில் கௌப் ஊரின் நீர்மட்ட அளவுகோலைப் பாருங்கள். 6.40 மீட்டரைத் தாண்டினால் கப்பல் போக்குவரத்தே நிற்கும். இது பெரும்பாலும் குளிர்காலத்தில். வறட்சியில் கதை வேறு. 2018 அக்டோபரில் கௌபில் 25 செ.மீ. காட்டியது. அது ஆற்றின் ஆழம் அல்ல, அளவுகோலின் பூஜ்யம் அடித்தரைக்கு மேலே இருக்கிறது. சரக்குக் கப்பல்கள் பாரத்தைக் குறைக்கும். சுற்றுலாக் கப்பல்கள் சில துறைகளில் மட்டும் நிற்காமல் போகலாம். மோசலில் 1964 முதல் தடுப்பணைகள் நீரைத் தேக்கி வைப்பதால் வறட்சியில் பிரச்சினை அரிது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, கைக்குழந்தை வேற இருக்கு. எது முடியும்?

எல்ட்ஸ், மார்க்ஸ்பூர்க் இரண்டும் வேண்டாம். படிகளும் கரடுமுரடான பாறையும். தள்ளுவண்டி உள்ளே போகாது. கோப்லென்ஸில் டாய்ச்செஸ் எக் அருகிலிருந்து ரைனுக்கு மேலே கேபிள் கார் எரன்ப்ரைட்ஷ்டைன் கோட்டைக்குப் போகிறது, சக்கர நாற்காலியோடு ஏறலாம். இரண்டு ஆறும் கலப்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். கோகெமில் சுற்றுலாப் பருவத்தில் கோட்டை அருகே வரை ஷட்டில் பஸ் உண்டு, கடைசித் தூரம் மட்டும் ஏற்றம். கப்பலும் பைல்ஷ்டைன் படகும் சிரமமில்லை.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா?

ரைன் மட்டும் என்றால் முடியும். காலை மைன்ஸ் வழியாகப் பாகராக் ரயில், இரண்டு மணி நேரம் ஊர். அங்கிருந்து கப்பலில் முக்கால் மணி நேரத்தில் கௌப் கோட்டையும் லோரலையும் கடந்து சாங்க்ட் கோவார். ரைன்ஃபெல்ஸ் ஏறி இறங்கி, மாலை ரயிலில் திரும்பலாம். எல்ட்ஸை இதில் சேர்த்தால் இரண்டும் கெடும். விமானச் சீட்டு வாங்கும்போதும் கவனம்: ‘ஃபிராங்க்ஃபர்ட் ஹான்’ என்ற விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இல்லை, சுமார் 120 கி.மீ. தள்ளி ரைனுக்கும் மோசலுக்கும் நடுவே மலைமேல் இருக்கிறது.

பாட்டில் ஊருக்குக் கொண்டு போகலாமா?

இந்தியாவுக்குத் தலைக்கு 2 லிட்டர் வரை சுங்கமில்லை, 0.75 லிட்டர் பாட்டில் இரண்டு வைத்தால் கணக்குக்குள் இருக்கும், மூன்றாவது வைத்தால் தாண்டிவிடும். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான். மோசல் பாட்டில்கள் நீளக் கழுத்து, உடைவது அங்கேதான். கழுத்தில் தனியாகக் காலுறை மாட்டி, பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் துணி வைத்து அடுக்குங்கள். ஃபெடர்வைஸரை மட்டும் விமானத்தில் ஏற்ற நினைக்காதீர்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று.